இரண்டாம் பருவத்துல நம்ம புள்ளைங்க என்ன படிக்கப் போறாங்க? ஏற்காடு மலைப் பள்ளிக்கூடத்துல பெற்றோர் கேட்ட கேள்விகளும் பதிலும்

காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்த வாரமே பெற்றோர் கூட்டம் வச்சோம், ஆனா அன்னிக்குப் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு, பாதிப் பேரால வர முடியல, வந்தவங்களும் கடைசி பஸ்ஸ விட்டுடுவோம்னு கேள்விய மட்டும் கேட்டுட்டு எழுந்துட்டீங்க. அன்னிக்கு கேட்டது, அப்புறம் ரோட்டுல பார்த்து கேட்டது, எல்லாத்துக்கும் இங்க பதில் எழுதறேன். ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் இங்க இருக்கற ரெண்டு டீச்சர்ல நான் ஒருத்தி. படிக்கத் தெரியாதவங்க வீட்டுல யாராச்சும் பெரிய புள்ளைய விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டாம் பருவம்னா எப்ப இருந்து எப்ப வரைக்கும் டீச்சர்?

அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும். 2012-13ல முப்பருவ முறை வந்ததுல இருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம், முதல் பருவப் புத்தகத்தை இப்ப பையில தூக்கிட்டு வர வேண்டாம். ஆனா வீட்டுல பத்திரமா வைங்க, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க, திருப்பிப் பார்க்க வேண்டி வரும். மூணு பருவத்துலயும் இதுதான் சின்னது, தீபாவளி லீவு, மழை லீவு எல்லாம் போக கையில நிக்கற நாள் கொஞ்சம்தான்.

என் பாப்பா ஒண்ணாவது. அ, ஆ-வே இன்னும் ஒழுங்கா எழுத வரல, ஆனா "படம்"னு எழுதறா. தலைகீழா சொல்லிக் குடுக்கறீங்களா?

தலைகீழா இல்லீங்க, வேணும்னுதான் அப்படி. அ எழுதிப் பாருங்க, சுழிச்சு வளைச்சு கீழ இறக்கி மேல ஏத்தணும், அஞ்சு வயசு விரலுக்கு அது ரொம்பக் கஷ்டம். ட-க்கு ரெண்டு கோடு போதும், ப-வுக்கு மூணு கோடு, ம-வுல ஒரு வளைவு கூட வரும். இந்த மூணையும் கத்துக்கிட்டு புள்ளி வைக்கவும் தெரிஞ்சா அன்னிக்கே படம், மடம், பட்டம், மட்டம்னு நாலு வார்த்தை எழுதிடலாம். தானா ஒரு வார்த்தைய எழுதிப் படிச்ச புள்ளையோட முகத்த நீங்க பார்க்கணும், அப்புறம் அடுத்த எழுத்து என்னன்னு அதுவே வந்து கேக்கும்.

இந்தப் பருவத்துல உயிர்மெய் வரிசை நடக்கும். மொத்தம் 247 எழுத்துன்னு சொன்னாலே நிறையப் பேருக்கு மலைப்பா இருக்கு, ஆனா புள்ளை மனசுல புதுசா நிக்க வேண்டிய உருவம் அவ்வளவு இல்ல, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதோட கால், கொம்பு, விசிறி மாதிரி குறிங்க, அவ்வளவுதான். கா, டா, பா எல்லாத்துக்கும் ஒரே கால். ஆனா உகரத்துல வந்து நிக்கும் பாருங்க கஷ்டம், கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, டு ஒரு மாதிரி, து ஒரு மாதிரின்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் வளையும். அதனால உ, ஊ வரிசைக்கு மட்டும் நிறைய நாள் ஒதுக்கியிருக்கோம், அங்க புள்ளை திணறினா திட்டாதீங்க, எல்லாப் புள்ளையும் திணறற இடம் அது. மத்தபடி உங்க பாப்பா சரியான இடத்துலதான் இருக்கா.

ரெண்டாவது, மூணாவதுக்கு தமிழ்ல என்ன?

ரெண்டாவதுக்கு சின்னச் சின்ன வாக்கியம், நாலஞ்சு வரிக் கதையப் படிச்சு யாரு, எங்க, என்ன ஆச்சுன்னு சொல்றது. மூணாவதுக்கு பெரிய கதை, பாட்டு, அப்புறம் ல-ள-ழ, ர-ற, ன-ண தகராறு. "பள்ளிக்குப் போனேன்"னு எழுதச் சொன்னா "பல்லிக்குப் போனேன்"னு எழுதுவாங்க. இதுக்கு நூறு தடவ எழுத வைக்கறது மருந்து இல்லைன்னு என் அனுபவத்துல சொல்றேன், வாயில சரியா வந்தாத்தான் கையில சரியா வரும். வீட்டுல பேசறப்ப "வாழப்பழம்"னு நாக்க மடக்கி நீங்களே சொன்னாப் போதும், அதுவே பாதிப் பாடம்.

நாலாவது, அஞ்சாவது புள்ளைங்களுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்க இருக்கு, சின்னதா மெலிசா இருக்கும், நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியாப் போகும். அஞ்சாவதா இருந்தாலும் ஒரு புள்ளை நுழைல ஆரம்பிச்சா அதுல எந்தக் கேவலமும் இல்லீங்க.

ரெண்டே டீச்சர், அஞ்சு கிளாஸ். எம் பையனுக்கு எப்படிப் பாடம் நடக்கும்?

நியாயமான கேள்வி. ஒரே ரூம்ல ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது ஒண்ணா உக்காந்திருக்கறதப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

கொரோனா சமயத்துல ஸ்கூல் மூடிக் கிடந்ததுல மூணாவது வந்த புள்ளைக்குக்கூட எழுத்து தெரியாம போச்சு, அதுக்குத்தான் 2022ல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துது, அடுத்த வருசம் நாலு, அஞ்சுக்கும் வந்துது. அரும்பு, மொட்டு, மலர்னு உங்க புள்ளை சொல்றது அதுதான். எந்த கிளாஸ்னு பார்க்காம புள்ளை எந்த நிலைல இருக்குன்னு பார்த்து உக்கார வைக்கறது. எழுத்துலயே நிக்கற புள்ளை அரும்பு, அதுக்கு மேல மொட்டு, கதைய தானா படிச்சா மலர். பாட்டு, கதை எல்லாருக்கும் ஒண்ணா நடக்கும், அப்புறம் ஒரு குழு பயிற்சிப் புத்தகத்துல செஞ்சிட்டிருக்க இன்னொரு குழுவோட நான் உக்காருவேன்.

இதுல கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஒரு டீச்சர் ட்ரெயினிங் போற அன்னிக்கு அஞ்சு கிளாஸும் ஒருத்தர் தலையிலதான். ஆனா இதுல ஒரு நல்லதும் நடக்குது, மூணாவது புள்ளை ஒண்ணாவது புள்ளைக்கு வாசிச்சுக் காட்டும், அப்ப கத்துக்கறது யாருன்னா வாசிச்சுக் காட்டுற புள்ளைதான். தயவுசெஞ்சு "நீ இன்னும் அரும்பா?"ன்னு வீட்டுல கேக்காதீங்க. போன மாசம் ஒரு பையன் அதுக்காகவே ரெண்டு நாள் வரல.

கணக்குல ரெண்டாவது படிக்கற என் மவ 89க்கு அப்புறம் "எண்பத்திப் பத்து"ங்கறா. என்ன பண்றது?

சந்தோஷப்படுங்க! மனப்பாடமா ஒப்பிக்காம, யோசிச்சு சொல்றா. தமிழ்ல இந்த ஒம்போதுதான் வில்லங்கம். எழுபது, எண்பதுன்னு ஒழுங்கா வந்துட்டு அடுத்தது திடீர்னு தொண்ணூறு, அதுக்குள்ள நூறு உக்காந்திருக்கு. எழுநூறு, எண்ணூறுன்னு வந்துட்டு தொள்ளாயிரம், அதுக்குள்ள ஆயிரம். ஒம்போதுக்குள்ளயே ஒரு "பது" இருக்குல்ல? 9, 90, 900 மூணுக்கும் அடுத்த வீட்டோட பேரு ஒட்டிக்கிட்டிருக்கு. அதனாலதான் தொண்ணூறுன்னு சொன்னா சில புள்ளைங்க 100 எழுதிடுவாங்க. நாங்க குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டா வைக்கறோம், ஒம்போது கட்டு தொண்ணூறு, இன்னொரு கட்டு வந்தாத்தான் நூறு. வீட்டுல பத்து ரூபா நோட்டு, சில்லறை வச்சு இதையே செய்யலாம்.

மூணாவதுக்கு கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல். பெருக்கலுக்கு வெளிய கூட்டிட்டுப் போவோம், ஸ்கூலுக்குப் பின்னாடி காப்பிச் செடி வரிசையா நிக்குது, ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு செடின்னா மொத்தம் எத்தனை? அங்கிட்டு நின்னு பார்த்தா எட்டு வரிசை, ஆறாறு செடி. 6×8ம் 8×6ம் ஏன் ஒண்ணுன்னு கரும்பலகைல நான் அரை மணி நேரம் தொண்டை கிழிய சொன்னது அங்க ரெண்டு நிமிசத்துல புரிஞ்சுது.

அஞ்சாவதுக்கு பின்னம். சேலத்துல இருந்து மேல வர்ற ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, பத்தாவது வளைவு வந்தா பாதி, அஞ்சாவது வந்தா கால், பதினஞ்சாவது வந்தா முக்கால்னு சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். ஒரு பொண்ணு எழுந்து "டீச்சர், வளைவு பாதி வந்தா தூரமும் பாதி வந்துடுமா? சில வளைவு கிட்டக் கிட்ட இருக்கே"ன்னு கேட்டா. பின்னத்துல பங்கு சமமா இருக்கணும்ங்கறதுதான் முக்கியமான பாடம், அத அவளே கண்டுபிடிச்சுட்டா, அன்னிக்கு முழுக்க அதப் பத்தியேதான் பேசினோம்.

வாய்ப்பாடு மனப்பாடம் உண்டா இல்லையா?

உண்டு, ஆனா மேல சொன்ன மாதிரி புரிஞ்சதுக்கு அப்புறம்தான். மூணாவது முடிக்கறதுக்குள்ள ரெண்டு, அஞ்சு, பத்து தடுமாறாம வரணும், மத்தது நாலாவதுல கெட்டிப்படும். வழில நடந்து வர்றப்ப சொல்ல வைங்க, ராத்திரி தூக்கத்துல எழுப்பி சொல்ல வைக்காதீங்க.

சூழ்நிலையியல், அறிவியல் ரெண்டும் ஒண்ணா? இந்தப் பருவம் என்ன வருது?

ஒண்ணாவது, ரெண்டாவதுக்கு சூழ்நிலையியல்னு ஒரே புத்தகம். மூணாவதுல இருந்து அறிவியல் தனி, சமூக அறிவியல் தனி. புத்தகத்துல இருக்கற வரிசைய விட இங்க கண்ணு முன்னாடி நடக்கறத வச்சு ஆரம்பிக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்.

உதாரணத்துக்கு ஒண்ணு. அடிவாரத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல வர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பிக்கும், பஸ்ல காது அடைக்கும். ஏன்? மேல ஏற ஏற வெளியில காத்தோட அழுத்தம் குறையுது, பாக்கெட்டுக்குள்ள இருக்கற காத்து அப்படியே இருக்கு, அது வெளிய தள்ளுது. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, நாம 1,500 மீட்டர் கிட்ட. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி வெப்பம் குறையும், அப்ப நமக்கும் சேலத்துக்கும் எட்டு டிகிரி வரைக்கும் வித்தியாசம் வரணும். அஞ்சாவது புள்ளைங்க இத கணக்காப் போட்டு, சேலத்துல இருக்கற சொந்தக்காரங்களுக்கு போன் பண்ணி அங்க எவ்வளவுன்னு கேட்டு சரி பார்க்கப் போறாங்க, போன் கேட்டா அஞ்சு நிமிசம் குடுங்க.

அப்புறம் கொசு. மழைக் காலம்ங்கறதால இத தள்ளிப் போட முடியாது. டெங்கு கொசு நல்ல தண்ணில முட்டை போடும், சாக்கடைல தேட வேண்டியதில்ல, பழைய டயர், தேங்காத் தொட்டி, மூடாத டிரம்மு, பூந்தொட்டித் தட்டு, இங்கதான். முட்டைல இருந்து பறக்கற கொசுவா ஆகறதுக்கு ஏழு, பத்து நாள் போதும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ தண்ணிய கொட்டித் தேய்ச்சா அந்தச் சுற்று அறுந்துடும். நாலாவது புள்ளைங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்ட சுத்திப் பார்த்து நோட்டுல குறிச்சுட்டு வரணும். புள்ளை வந்து உங்க டிரம்ம எட்டிப் பார்த்தா கோவிச்சுக்காதீங்க, அது வீட்டுப்பாடம்.

சமூக அறிவியல்ல ராஜா கதையா?

அதுவும் வரும், ஆனா இந்தப் பருவம் நம்ம ஊர்ல இருந்துதான் ஆரம்பம். திசை, வரைபடம், மாவட்டம். ஸ்கூல்ல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற வழிய வரையச் சொல்லுவோம், நடுவுல கோயில், ரேஷன் கடை, பெரிய பலாமரம் எல்லாம் குறிக்கணும். அப்புறம் திருமணிமுத்தாறு. நம்ம மலைல பெய்யற மழைதான் அந்த ஆறா இறங்கி, சேலம் டவுனுக்குள்ள புகுந்து, கடைசில காவிரில சேருது. டவுனுக்குள்ள அது எப்படிக் கிடக்குன்னு பார்த்த புள்ளைங்க, இங்க ஓடற ஓடை தண்ணிதான் அங்க போகுதுன்னு தெரிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சது, தண்ணி முழுசா நின்னா 120 அடி. டிவில "அணை நிரம்பியது"ன்னு சொல்றப்பல்லாம் இந்த நம்பர் வரும், அதனால அஞ்சாவதுக்கு அத வச்சே நீர்மட்டம் பாடம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது 1792ல, திப்பு சுல்தான் ஒப்பந்தம் போட்டு விட்டுக் குடுத்ததுல. அப்புறம் 1820கள்ல காக்பர்ன்னு சேலத்துல கலெக்டரா இருந்தவர்தான் இங்க காப்பிச் செடிய கொண்டு வந்து வச்சார். உங்க தாத்தா, பாட்டி, நீங்க, எல்லாரும் தினமும் தொடற செடிக்கு இருநூறு வருசக் கதை இருக்கு.

ஒரு விஷயம் கொஞ்சம் அழுத்தி சொல்லணும். நாலாவது படிக்கற ஒரு பையன் "டீச்சர், சாதி சர்டிபிகேட்ல மலையாளின்னு இருக்கு, அப்ப நாங்க கேரளாவா?"ன்னு கேட்டான். கீழ யாரோ கிண்டல் பண்ணியிருக்காங்க. மலையாளின்னா மலைய ஆள்றவங்க, மலைல வாழ்றவங்கன்னு அர்த்தம், நீங்க பேசறது தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு உங்க பெரியவங்க வழிவழியா சொல்ற கதை இருக்கு, அத இந்தப் பருவத்துல வகுப்புல கேக்கணும்னு ஆசைப்படறோம். கதை சொல்லத் தெரிஞ்ச பாட்டி, தாத்தா யாரா இருந்தாலும் எந்தப் புதன்கிழமை மத்தியானமும் வாங்க, நாற்காலி போட்டு வைக்கறோம். அவங்க சொல்றத புள்ளைங்க எழுதி வைப்பாங்க, அதுவே தமிழ்ப் பாடம், அதுவே சமூக அறிவியல்.

இங்கிலீஷ்? கீழ ப்ரைவேட் ஸ்கூல்ல யூகேஜி புள்ளையே பாட்டு பாடுதே?

நம்ம புள்ளைங்களும் பாடுவாங்க. எழுத்தோட பேர மட்டும் சொல்லிக் குடுக்காம அதோட சத்தத்த சொல்லிக் குடுக்கறோம், அப்பத்தான் புது வார்த்தைய தானா கூட்டிப் படிக்கும். ஒண்ணாவது, ரெண்டாவதுக்கு பேச்சும் பாட்டும்தான் நிறைய, மூணாவதுல இருந்து சின்ன வாக்கியம். ஆனா என் மனசுல பட்டத சொல்றேன், ஒரு பாஷைல படிக்கத் தெரிஞ்ச புள்ளை இன்னொரு பாஷைய சீக்கிரம் பிடிச்சுக்கும், ரெண்டுலயும் அரைகுறையா நிக்கற புள்ளைதான் நாலாவதுல அழும். அதனால இந்தப் பருவம் தமிழ் வாசிப்புக்குத்தான் முதல் இடம்.

நவம்பர்ல பழம் பறிக்கற சீசன். புள்ளைய தனியா விட்டுட்டுப் போக முடியாது, ரெண்டு மாசம் கூட்டிட்டுப் போனா என்ன?

வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்.

உங்க நிலைமை எனக்குத் தெரியும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பழுக்கற நேரம், வருசத்துல கையில நாலு காசு பார்க்கறதே அப்பத்தான், விட்டா பழம் கீழ கொட்டிடும். ஆனா ரெண்டாம் பருவத்துல பெரும்பகுதி அந்த நேரத்துலதான் வருது. சில வருசம் முன்னாடி ரெண்டாவதுல ஒரு பொண்ணு இருந்தா, அக்டோபர்ல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருந்தா, தம்பியப் பார்த்துக்க தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொங்கல் கழிச்சு வந்தப்ப புத்தகத்த தொறந்து வச்சுட்டு என்னையே பார்த்துட்டிருந்தா, எழுத்தெல்லாம் போயிடுச்சு. சின்ன வயசுல எழுத்து அப்படித்தான், தினமும் பார்த்தாத்தான் நிக்கும். அவள திருப்பிக் கொண்டு வர எங்களுக்கு அந்த வருசம் முழுக்க ஆச்சு, அதுக்குள்ள அவ "எனக்கு படிப்பு வராது"ன்னு சொல்லப் பழகிட்டா, எழுத்து திரும்பி வந்தும் அந்த வார்த்தை அவள விட்டுப் போகல.

சட்டமும் இருக்கு, 14 வயசுக்குக் கீழ கூலி வேலைல புள்ளைய வைக்கக் கூடாது. ஆனா நான் சட்டத்த சொல்லி பயமுறுத்த வரல, என்ன வழி இருக்குன்னு சொல்றேன். காலைல ஸ்கூல்லயே சாப்பாடு இருக்கு, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சுடச்சுட போடறாங்க, மத்தியானம் முட்டையோட சாப்பாடு. வெள்ளன கிளம்பறவங்க புள்ளைய பக்கத்து வீட்டுப் புள்ளைங்களோட சேர்த்து அனுப்பிடுங்க. சின்னதுங்க அங்கன்வாடிக்குப் போகட்டும். சாயங்காலம் நீங்க வர லேட்டானா சொல்லிடுங்க, நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் முறை வச்சு இருக்கோம். அப்படியும் முடியாம வேற தோட்டத்துல தங்கித்தான் ஆகணும்னா, கிளம்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அங்க கிட்ட இருக்கற ஸ்கூல்ல பேசி உக்கார வைக்கப் பார்க்கலாம். சொல்லாம மட்டும் போயிடாதீங்க.

பரீட்சை, மார்க்கு?

வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. முதல் 40ம் வகுப்புல தினமும் செய்யறதுல இருந்து, 60 பருவக் கடைசிப் பரீட்சை. தமிழ்நாட்டுல எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடறதில்ல. மார்க்க விட, புள்ளை பாடத்துல எங்க நிக்குதுன்னு என்கிட்ட கேளுங்க, அது எனக்கு வாயிலயே இருக்கும்.

எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுல நாங்க என்ன சொல்லிக் குடுக்க முடியும்?

இந்தக் கேள்விய கேட்ட அம்மா தலைய குனிஞ்சுக்கிட்டே கேட்டாங்க, எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்மா, கேட்டா போதும். ராத்திரி அடுப்புகிட்ட உக்காந்து "இன்னிக்கு என்ன கதை, எனக்கு சொல்லு"ன்னு கேளுங்க. பத்து நிமிசம் போதும். புள்ளை ஒரு பக்கத்த வாசிச்சுக் காட்டட்டும், நீங்க "அப்புறம் என்னாச்சு, அவன் ஏன் அப்படி பண்ணான்"னு கேளுங்க. தப்பா வாசிச்சா உங்களுக்குத் தெரியாதுன்னு கவலைப்படாதீங்க, கதை புரியலன்னா நீங்க புரியலன்னு சொல்லுவீங்கல்ல, அப்ப புள்ளை திரும்பப் போய் அந்த வரிய சரியாப் படிக்கும்.

அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சது எவ்வளவு! மிளகுக் கொடி எந்த மரத்துல ஏறும், பலா எப்ப முத்தும், படியில அளந்தா எத்தனை கிலோ வரும், எந்த மேகம் மழையாகும். இத எல்லாம் புள்ளைக்கு சொல்லுங்க, அடுத்த நாள் வகுப்புல அது வந்து சொல்லும், நான் அத பாடத்தோட சேர்த்துக்கறேன். நோட்டுல எவ்வளவு எழுதியிருக்குன்னு புரட்டிப் பார்த்து படிப்ப அளக்காதீங்க.

போன்ல பாடம் பார்க்கலாமா?

புத்தகத்துல கட்டம் போட்ட க்யூஆர் கோடு இருக்கு, போன்ல ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்தோட வீடியோ வரும். டவர் கிடைக்கற அன்னிக்கு ஒண்ணு ரெண்டு பாருங்க, கூட உக்காந்து பாருங்க. கைல குடுத்துட்டுப் போனா பாடம் ரெண்டு நிமிசம்தான், மீதி வேற எங்கயோ போயிடும்.

விளையாட்டு, ட்ராயிங் எல்லாம்?

உண்டு. மழை பெஞ்சா உள்ள பல்லாங்குழி, தாயம், அதுலயும் கணக்குதான். வீட்டுல பழைய பல்லாங்குழி கட்டை சும்மா கிடந்தா ஒரு பருவத்துக்கு இரவல் குடுங்க, புளியங்கொட்டை எங்ககிட்ட நிறைய இருக்கு.

மழை நாள்ல லீவா இல்லையான்னு எப்படித் தெரியும்?

கலெக்டர் அறிவிச்சாத்தான் லீவு, காலைல நியூஸ்ல வந்துடும். அறிவிப்பு இல்லாம நம்ம பக்கம் மட்டும் மண் சரிஞ்சோ மரம் விழுந்தோ வழி அடைச்சிருந்தா அனுப்பாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க. பனி மூட்டமா இருக்கற காலைல தனியா அனுப்பாம நாலு புள்ளைங்களா சேர்த்து அனுப்புங்க, ரோட்டு ஓரமா வண்டி வர்ற திசையப் பார்த்து நடக்கச் சொல்லுங்க, கலர் சட்டை மாதிரி தூரத்துல தெரியறது ஏதாவது மேல போட்டு விடுங்க. பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் வச்சு அதுக்குள்ள புத்தகத்த வைங்க, நனைஞ்ச புத்தகம் காய ரெண்டு நாள் ஆகுது. ஸ்வெட்டர் பத்தாதவங்க கூச்சப்படாம சொல்லுங்க, போன வருசப் புள்ளைங்களுக்கு சின்னதாப் போன ஸ்வெட்டர் ஸ்கூல்ல ஒரு மூட்டை துவைச்சு வச்சிருக்கோம்.